மாளவிகா ஜெயில் பார்க்கப் போனாள்

கரமனை, திருவனந்தபுரம்
9-11-2025, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

கௌசல்யா எழுதுவது. நானும் மாளவிகாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் ஜெயில் சாருக்கும் வணக்கம். போனில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லி முடிக்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சாலைக் கடைவீதியில் தீபாவளிக் கூட்டம் ஓய்ந்துவிட்டது. துணிக்கடையில் இப்போது ஏழு மணிக்கே விட்டுவிடுகிறார்கள். மழையில் அடுக்களைச் சுவர் ஊறிப்போய் இருந்தது. வீட்டுக்காரர் ஆள் அனுப்பிப் பூசிக் கொடுத்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மாளவிகாவின் வகுப்பைச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். மன்னர் காலத்து ஜெயில் ஒன்றைப் புதுக்கி, டிக்கெட் போட்டு, எல்லாரும் பார்க்கத் திறந்திருக்கிறார்கள். அங்கேதான். பள்ளிக்கூடத்துத் தாளில் அதைப் படித்ததும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். அவள்தான் பேனாவைக் கொண்டுவந்து, “ஒப்பு போடும்மா, எனக்குப் போணும்” என்று நின்றாள். துணைக்கு இரண்டு அம்மாக்கள் வேண்டும் என்று ஸ்வப்னா டீச்சர் கேட்டிருந்தார். கடையில் லீவு சொல்லிவிட்டு நானும் போனேன்.

நான் பயந்த மாதிரி இல்லை அத்தான். சுவருக்கெல்லாம் வெள்ளையடித்து, முற்றத்தில் செம்பருத்தி வைத்து, கல்யாண மண்டபம் போல இருக்கிறது. சுற்றிக்காட்ட பிரஜின் என்று ஒருவர், பழைய வார்டர் உடுப்பில். ஓர் அறையில் ஆளை உள்ளே விட்டுப் பூட்டி ஒரு நிமிடம் வைத்திருப்பாராம். வெளியே நிற்பவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் நாலைந்து பேராக உள்ளே போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவது போல நடித்தார்கள். ஒரே சிரிப்பு. கூட வந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்து வைத்தேன்.

மாளவிகா தனியாகப் போவேன் என்றாள். பூட்டியதும் அவள் கம்பிப் பக்கம் வரவே இல்லை. சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். பிறகு காலை நீட்டிப் படுத்துப் பார்த்தாள். உடுப்பு அழுக்காகும் என்று டீச்சர் சத்தம் போட்டும் எழுந்திருக்கவில்லை. வெளியே வந்ததும், இப்போதுள்ள ஜெயிலிலும் இப்படித்தானா என்று பிரஜினிடம் மலையாளத்தில் கேட்டாள். இப்போதெல்லாம் ஃபேன் உண்டு, டிவி உண்டு, வாசிக்கப் புத்தகம் உண்டு என்று அவர் சொன்னார். ராத்திரி லைட்டை அணைத்துவிடுவார்களா என்று அடுத்துக் கேட்டாள். அவருக்கு அது தெரியவில்லை. “அறியில்ல மோளே” என்றார். தண்ணீர் குடிக்கப் போவது போல நான் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.  கிள்ளிப்பாலம் வந்ததும் என் காதோடு சொன்னாள்: “எங்க கிளாஸ் லிபியோட அப்பா மஸ்கட்லருந்து விளிச்சா 968-ன்னு வரும்மா. நம்ம அப்பா விளிச்சா போன்ல கண்ணூர்னுலா காட்டுது.”

நீங்கள் கண்ணூர் ஜெயிலில் இருப்பது அவளுக்கு எட்டு மாதமாகத் தெரியுமாம். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். “கேட்டா நீ அழுவ” என்றாள்.

மஸ்கட்டில் டிரைவர் வேலை என்று நாம் அவளிடம் ஒரு பொய் சொன்னோம். அவள் நமக்காக அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஓணத்துக்கு அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்றுகூட டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். பதினொரு வயதுப் பிள்ளை, அத்தான்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் கோபப்பட்டாலும் சரி. கழக்கூட்டம் ரோட்டில் அன்றைக்குப் பெய்த மழை, நீங்கள் ஓட்டிய கம்பெனி வண்டி, குறுக்கே வந்த அந்த ஆள், நிறுத்தாமல் நீங்கள் வந்துவிட்டது. யாரும் தேடி வரும் முன்னே மறுநாள் காலையில் நீங்களாகவே ஸ்டேஷனுக்குப் போனதையும், அதற்குள் அவர் இறந்துபோயிருந்ததையும் சொன்னேன்.  பிறகு, “அந்த மாமனுக்குப் பிள்ளைங்க உண்டா?” என்றாள். ஒரு மகள் உண்டு என்றேன். எந்த வகுப்பு என்று கேட்டாள். எனக்கு அது தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை. அன்று அவள் சாப்பிடவில்லை. நேற்று காலையில் தானாக வந்து தோசை கேட்டாள்.

கம்பிக்குப் பின்னால் பிள்ளை உங்களைக் காணக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். இனி அதை என்னால் காக்க முடியாது. இருபத்தொன்றாம் தேதி மாவேலி எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். மறுநாள் சனிக்கிழமை காலையில் அங்கே இருப்போம். பார்க்க வருபவர்களில் அவள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். பெயர் கூப்பிடும்போது உடம்புக்கு முடியவில்லை என்று உள்ளேயே இருந்துவிடாதீர்கள். மாளவிகா அங்கே வந்து நின்றுவிட்டு வெறுமனே திரும்பக் கூடாது.

அவள் உங்களிடம் கேட்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வண்டியை ஏன் நிறுத்தவில்லை என்று என்னிடம் கேட்டாள். அப்பாவிடமே கேள் என்று சொல்லியிருக்கிறேன். இவ்வளவு நாளில் நானும் உங்களிடம் அதைக் கேட்டதில்லை. அழுகை வந்தால் அழுதுகொள்ளுங்கள், பேச்சை மட்டும் மாற்றாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். பக்கத்தில் நானும் இருப்பேன். நானும் கேட்டுக்கொள்கிறேன்.

பத்மநாபசாமி உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

உங்கள்
கௌசல்யா