மூன்றாவது உத்தரம்

காஞ்சிபுரம்,
மாசி 9.

அன்பு மகள் மதுமிதாவுக்கு,

அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். நீயும் மாப்பிள்ளையும் தோஹாவில் நலமாக இருக்க ஜினேந்திரரை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் குரல் கேட்டதும் வெயில், பனி என்று வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. அதனால்தான் இந்தக் கூரியர்.

வாசகசாலைக் கூரை விழுந்துவிட்டது, அதைப் பார்த்துக்கொள்ளும் பரசுராமனுக்கு அடி என்று அம்மா சொல்லியிருப்பாள். மீதியைச் சொல்லவேண்டாம் என்று அவளைத் தடுத்தவன் நான்தான்.

தை மாதம், காலை பதினொரு மணி இருக்கும். உள்ளே நாலு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். மேலே மரம் நெரியும் சத்தம் கேட்டதும் பரசுராமன் மூன்று பேரை வெளியே துரத்தியிருக்கிறார். நாலாவது ஆள் தில்லையம்மாளுக்குக் காது கேட்காது, உனக்குத் தெரியும். அவரைத் தூக்கி வாசலில் தள்ளிவிட்டுத் திரும்பும்போது மூன்றாவது உத்தரம் இடுப்பில் விழுந்தது. இனி அவர் நடக்கமாட்டார். டாக்டர் என்னிடமே சொன்னார்.

தாலுகா ஆபீஸ் விசாரணைக்காகக் கட்டடத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். 1931-இல் என் தாத்தா அப்பாண்டை நயினார் கட்டியது. முட்டை வெள்ளைக்கரு சேர்க்காமல் சுவர்ப் பூச்சு நிற்காது என்று கொத்தனார் சொன்னபோது, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரிலேயே சுண்ணாம்பை அரைக்க வைத்தார். விளக்கு வைத்தால் பூச்சி விழுந்து சாகும் என்று, விளக்கே இல்லாமல் படிக்க வடக்குச் சுவரில் ஏழு உயரமான ஜன்னல் வைத்தார். பொழுது சாய்ந்தால் பூட்டிவிட வேண்டும். தோல் அட்டை போட்ட புத்தகம் வந்தால் அட்டையைப் பிரித்துத் துணி ஒட்டுவார்களாம். கூரைக்கு மூன்று உத்தரம். இரண்டு நல்ல தேக்கு. மூன்றாவதற்குத் தேக்கு வந்து சேராததால் உள்ளூரில் கிடைத்த மரத்தைப் போட்டார்கள். ஓர் உயிருக்கும் தீங்கில்லாமல் எழுந்த கட்டடம் என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. சுவரில் இன்றைக்கும் ஒரு விரிசல் கிடையாது, மது. பழுது மேலேதான் இருந்தது.

அதை நீ கண்டுபிடித்தாய். மூன்று வருஷம் முன்பு லீவில் வந்தபோது ஏணி போட்டு ஏறி, அந்த உத்தரத்தில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தினாய். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. போட்டோ எடுத்தாய். கரையானுக்கு உடனே மருந்தடிக்கச் சொன்னாய். நான் என்ன சொன்னேன்? ஒரு மரத்தைக் காப்பாற்ற லட்சம் உயிரைக் கொல்வதா, படித்த பெண் பேசுகிற பேச்சா இது என்றேன். கோபித்துக்கொண்டு புறப்பட்டாய். தோஹா போய் மெயிலும் அனுப்பினாய், அதற்கும் இதையே பதிலாக எழுதினேன். அதன்பிறகு நீ வரவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. வாராவாரம் மயிலிறகால் மண்புற்றை மெல்ல உதிர்த்து, முறத்தில் ஏந்திக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் விட்டேன். இப்போது நினைத்தால் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

பரசுராமனும் சொல்லிப் பார்த்தார். "ஐயா, உள்ளெல்லாம் கூடாயிருக்குதுய்யா, இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது" என்று எத்தனையோ முறை சொன்னார். நான் கேட்கவில்லை என்றதும், எனக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து உத்தரத்துக்கு மண்ணெண்ணெய் பூசியிருக்கிறார். போன ஐப்பசியில் வாடையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். திருப்பருத்திக்குன்றம் கோயில் வாசலுக்கே கூட்டிப்போய், இனி செய்யமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். அவர் நம் சமணச் சமயத்தார்கூட இல்லை. ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மூன்று மாதத்தில் கூரை விழுந்தது.

அம்மா தினமும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். அவர் மனைவி அம்சா கேரியரை வாங்கிக்கொண்டு, "ஐயா நல்லவருதாம்மா. கெட்டவருகிட்ட வேலைக்கு இருந்திருந்தா எப்பவோ மருந்தடிச்சிருப்பாங்க" என்றாராம். அம்மா வந்து அழுதுகொண்டே சொன்னாள்.

இனிமேல் எழுதப்போவதுதான் எழுத வந்த விஷயம். விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்து பரசுராமனிடம் கேட்டார். கட்டில் பக்கத்தில் நான் நிற்கிறேன். கரையான் அரித்ததை வாசகசாலை டிரஸ்டுக்குத் தெரிவித்தாயா என்று கேட்டதற்கு, "இல்லீங்க, நான்தான் பார்க்காம விட்டுட்டேன், ஐயாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டு போனார். அது பதிவானால் அவருக்கு நஷ்டஈடு கிடையாது, அஜாக்கிரதை என்று அவர்மேலேயே வழக்கு வரும். டிரஸ்டில் உன் சித்தப்பா, அவனே ஒத்துக்கொண்டான், நாம் ஏன் கிளற வேண்டும் என்கிறார்.

உண்மையைச் சொல்ல இரண்டு முறை தாலுகா ஆபீஸ் படியேறினேன். இரண்டு முறையும், கட்டட வரலாற்றில் ஒரு வருஷம் தப்பாக எழுதிவிட்டேன் என்று எதையோ சொல்லிவிட்டு இறங்கினேன். எழுபத்திரண்டு வயதில் ஜெயில் என்றால் பயமாக இருக்கிறது. ஊர் என்ன பேசும் என்று அதைவிடப் பயம். வருஷாவருஷம் மன்னிப்பு நாளில் எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று கோயிலில் சத்தமாகச் சொல்கிறவன் நான். பரசுராமனின் கட்டிலருகே நின்று எனக்கு அந்த ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டு வந்தேன்.

கட்டடத்தை இடிக்கத்தான் போகிறார்கள். அதைத் தடுக்கச் சொல்லி உன்னைக் கேட்கவில்லை.

மாசி இருபத்தைந்தோடு விசாரணை முடிகிறது. அதிகாரியின் மெயில் முகவரியைத் தனிச் சீட்டில் எழுதி இணைத்திருக்கிறேன். நீ எடுத்த போட்டோக்களையும், எனக்கு அனுப்பிய மெயிலையும், அதற்கு நான் எழுதிய பதிலையும் அவருக்கு அனுப்பிவிடு. என் பதிலை விட்டுவிடாதே. மண்ணெண்ணெய், சத்தியம் எல்லாவற்றையும் சொல். இந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பு.

அனுப்புவதற்கு முன் எனக்குப் போன் செய்யாதே, மது. போன் செய்தால் வேண்டாம் என்று கெஞ்சிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். பெற்றவனைக் காட்டிக்கொடுப்பதா என்று உன் மனசு தடுக்கும். அன்றைக்கு உன் பேச்சைக் கேட்காதவன் இன்றைக்குக் கேட்கிறேன், இதை மட்டும் செய்.

நன்றாகச் சாப்பிடு. தீர்க்காயுசாக இரு.

உன் அப்பா,
அஜிதநாதன்