ரோசாப் பாத்தி மண்

7 பெப்ரவரி 1938, திங்கள்

தம்பியின் மகன் சுந்தரலிங்கம் காலையில் வந்தான். ரோட்டு ஓவசியர் ஆனதிலிருந்து வீட்டுக்குள்ளும் ரோட்டில் நடப்பதுபோல் சப்பாத்தோடு நடக்கிறான். சொன்னேன். கழற்றினான்.

ஏப்ரலில் மகன் சேதுராமன் மலாயாவில் ஈப்போவிலிருந்து குடும்பத்தோடு ஒரேயடியாகத் திரும்புகிறான். இருப்பது இரண்டு அறை. மகனின் தயவில் கூடத்தில் பாய் விரிக்கும் கிழவி நானல்ல. பின்பக்கம் எனக்கென்று ஓர் அறை வேண்டும். ஆனால் செங்கல் வண்டி கட்டுகஸ்தோட்டை ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே வீட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. கூலிக்காரர் படிகளை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

"கல்லை ஏன் மாமி ஏத்துறியள்? மண் இஞ்சையே கிடக்கு" என்றான். பன்னிரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சீமெந்து, கொஞ்சம் தண்ணீர், பலகைப் பெட்டியில் போட்டு இடித்தால் கல். அமெரிக்காவில் ரோட்டே இப்படிப் போடுகிறார்களாம். மண் எப்படிக் கல்லாகும்? கேட்டேன். அவன் சொன்னது விளங்கவில்லை. விளங்கியது போல் இருந்துவிட்டேன்.

11 பெப்ரவரி

இருளப்பன் என்ற மேசனை அனுப்பியிருக்கிறான். சுந்தரலிங்கம் மாத்தளை ரோட்டு வேலைக்குப் போய்விட்டான், ஒரு மாதம் வரமாட்டான்.

இருளப்பன் வளவெல்லாம் சுற்றிவிட்டு, போயும் போயும் புதுக் கக்கூஸுக்கு வெட்டிய குழியருகே குந்தினான். அங்கே குவிந்திருந்த சிவப்பு மண்ணை நனைத்து உருண்டை பிடித்தான், கீழே போட்டான். "இதாங்கம்மா மண்ணு. புடிச்சா நிக்குது, போட்டா ஒடையுது." நான் வாய் திறக்குமுன் பத்துக் கல் இடித்து வைத்துவிட்டான்.

கக்கூஸ் குழி மண்ணுக்கு நடுவில் நான் படுத்து எழும்புவதா?

"இன்னும் யாரும் குந்தலைங்களேம்மா, கன்னிக் குழிதானே" என்றான். கூட வந்த கையாள் கறுப்பையா சிரித்தான். இருவரையும் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

14 பெப்ரவரி

ரோசாப் பாத்தியை வெட்டச் சொன்னேன். சேதுராமனின் அப்பா இருபது வருடம் சாணமும் இலையும் போட்டுப் பதப்படுத்திய மண். கறுப்பு, மா போல மெதுமை. வளவில் அதைவிட நல்ல மண் கிடையாது. வெட்டும்போது நெஞ்சு நொந்ததுதான். ஆனாலும் செய்வதை நல்லதில் செய்யவேண்டும். கன்னியர் மடத்துப் பள்ளியில் அப்படித்தான் வளர்ந்தோம்.

இருளப்பன் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனான். "இது மணக்குதுங்கம்மா. மணக்குற மண்ணு வேணாம்."

"மண் மணக்காமல் சீமெந்தா மணக்கும்? சொன்னதைச் செய்."

மண் எங்கே எடுத்தது என்று ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்றும் சொல்லிவைத்தேன். சொன்னால், மற்றக் குவியலை ஏன் விட்டோம் என்ற பேச்சு வரும்.

28 பெப்ரவரி

இடித்துப் பதினான்கு நாள். கல்லில் நகம் இறங்குகிறது.

2 மார்ச்

ஒரு கல்லை வாளித் தண்ணீரில் வைத்தேன். மதியத்துக்குள் கூழ்.

ஏன்? மண் நல்லது, ஆளும் இடிக்கத் தெரிந்தவன். பிறகென்ன? சீமெந்து போடவில்லை என்பதைத் தவிர வேறென்ன?

கேட்டேன். கறுப்பையா நின்றான், பக்கத்து வீட்டு ஆஸியா உம்மா வேலியருகே நின்றாள். நின்றால் என்ன? "என் சீமெந்து எங்கே இருளப்பன்? எந்தக் கடைக்குப் போனது?"

அவன் கையிலிருந்த மண் இடிக்கும் திமிசுக் கட்டையை மெதுவாகச் சுவரில் சாய்த்தான். "வேலை தெரியாதவன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன். அந்தப் பேர மட்டும் வைக்காதீங்கம்மா." போய்விட்டான். மண் விஷயத்தை அவன் எடுக்கவேயில்லை. களவு செய்தவன்தானே வாய் பேசமாட்டான்?

9 மார்ச்

அதே பாத்தி மண்ணில் நானே செய்து பார்த்தேன். பால் டின்னால் அளந்து, என் கையால் பிசைந்து, என் கையால் இடித்து. ஒரு வாரம் ஈரச் சாக்கால் மூடியும் வைத்தேன். இன்று தண்ணீரில் வைத்தேன் - கூழ்.

சீமெந்து கெட்டதோ என்று ஆற்று மணலில் குழைத்து ஒரு கட்டி வைத்திருந்தேன். அது எலும்புபோல் இறுகிக் கிடக்கிறது.

சீமெந்தும் நல்லது. நான் களவெடுக்கவும் இல்லை.

ஒன்றும் விளங்கேல்லை. என்ரை கையிலையும் ஏன் கரையுது?

10 மார்ச்

கோழிக்கூட்டுக்குப் பின்னால் அந்தக் குழி மண்ணின் பத்துக் கல் கிடந்தன. ஒன்றை வாளியில் போட்டேன்.

11 மார்ச்

கரையவில்லை. சுத்தியலால் தட்டினேன், சுத்தியல் துள்ளுகிறது. கேவலமான மண் கல்லாகிறது, நல்ல மண் கூழாகிறது. எந்த நியாயம் இது?

19 மார்ச், சனி

சுந்தரலிங்கம் வந்தான். இம்முறை வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினான். கூழைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மாமி, இது பூக்கண்டு வைக்கிற மண். இலையும் சாணமும் உக்கின மண்ணிலை சீமெந்து பிடிக்காது. அடியிலை கிடக்கிற வெறும் மண்தான் வேணும். எந்த விசரன் ரோசாப் பாத்தியை வெட்டினவன்?"

நான் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"இருளப்பன்தான் போலை" என்று அவனே சொன்னான். "சந்தியிலை கண்டு கேட்டனான், எந்த மண் எண்டு. அம்மாட்ட கேளுங்க எண்டிட்டுப் போறான், திமிர்."

ஆற்றிக்கொண்டேயிருந்தேன். ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. அவன் குடித்துவிட்டுப் போனான்.

நான் பொய் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லையே. சொல்லாதது பொய்யா? மடத்துச் சிஸ்டரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் வந்திருக்கும்.

22 மார்ச்

ஆஸியா உம்மா தேங்காய்ப்பால் வட்டிலப்பம் கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"பாலத்தடியில பளீல் நானா கடை கட்றாரே, அங்க இருளப்பன நிப்பாட்டிட்டாங்க. கள்ளனுக்குச் சாவி குடுக்க ஏலாதாம்."

"யார் சொன்னது கள்ளன் என்று?"

"அல்லாவே! நீங்கதானே சொன்னீங்க. நான் வேலிக்கிட்ட நின்டேன்."

வட்டிலப்பம் அப்படியே இருக்கிறது.

23 மார்ச்

ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினால் போதாதா? மூன்று எழுதினேன். மூன்றிலும் "பிழை நேர்ந்துவிட்டது" என்றுதான் வருகிறது. யார் செய்தது என்பது வரவில்லை. கிழித்தேன்.

24 மார்ச், வியாழன்

இருளப்பனையும் வரும்படி கறுப்பையாவிடம் சொல்லியனுப்பிவிட்டு, நூற்றுப் பன்னிரண்டு படியும் இறங்கிப் பாலத்தடிக்குப் போனேன். பளீல் கதிரை போடச் சொன்னார். உட்காரவில்லை. கட்டடச் சாரத்தின் மேல் நாலைந்து பேர், கீழே மூன்று பேர். இருளப்பன் ரோட்டோரமாக, உள்ளே வராமல் நின்றான்.

சொன்னேன். இந்த மேசன் என் சீமெந்தில் ஒரு பிடியும் எடுக்கவில்லை. வேண்டாம் என்று அவன் சொன்ன மண்ணை நான்தான் போடச் சொன்னேன். பிழை என்னுடையது.

இருளப்பன் தலையைச் சொறிந்தான். "இன்னுங் கொஞ்சம் சத்தமாங்கம்மா. மேல நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

அவன் முகத்தில் சிரிப்பில்லை. பளீல் குனிந்து நிலத்தைப் பார்த்தார். ஆறாம் வகுப்பில் பாடம் ஒப்புவிப்பதுபோல் முழுவதையும் மறுபடி சொன்னேன், ஆற்றின் இரைச்சலுக்கு மேலாக.

ஏறும்போது ஐந்து இடத்தில் நின்றேன்.

25 மார்ச்

பாத்தியை வெட்டச் சொன்னது நான்தான் என்று சுந்தரலிங்கத்துக்கும் எழுதினேன். இரண்டு வரி. நேரே வந்தது.

9 ஏப்ரல், சனி

பகலில் இருளப்பனுக்குப் பளீலின் கடையில் வேலை. விடிய இங்கே வந்து இரண்டு மணி நேரம் இடித்துவிட்டுப் போகிறார். குழி மண்ணில் சுவர் இடுப்பளவு வந்துவிட்டது. மருமகள் வருமுன் கூரை ஏறாது. சில நாள் கூடத்தில்தான் படுக்கவேண்டும். மண் நனைக்கும்போது அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். போகவில்லை.