எட்டுப் படங்களும் அசைய வேண்டும்

கணபதி, கோவை – 6
19.9.1999, ஞாயிறு

என் கண்ணு தமயந்திக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் ரித்திகாக் குட்டியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே எனக்கும் உங்கப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசுதான் பத்து நாளாகக் கொதித்துக்கொண்டு கிடக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். சிரிக்காமல் கடைசி வரைக்கும் படி.

போன மாதக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தாய்? ரித்திகாவுக்கு அந்தக் காது கேளாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கும் கைப்பேச்சில் எட்டு வார்த்தைகளை அவளையே செய்யவைத்து, மாப்பிள்ளை போட்டோ எடுத்துக் கோத்து, அசைகிற படமாக இன்டர்நெட்டில் உங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார், ஏதாவது பிரவுசிங் சென்டரில் போய் பிளாப்பியில் எடுத்து அப்பாவின் பட்டறைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாய். எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் எப்படி எடுப்பது என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? தேங்காயா, மரத்தடியில் கிடந்தால் எடுத்து மடியில் கட்டிக்கொள்ள? உங்கப்பா மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற ஆள், அந்தக் கம்ப்யூட்டரில் கொட்டேஷன் அடிப்பதைத் தவிர வேறொன்றும் அவருக்குத் தெரியாது. நான் கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள், அந்தத் தைரியத்தில்தான் கிளம்பினேன்.

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், மாடியில் ஒரு சென்டர். கண்ணாடிக் கதவு, ஏ.சி., செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கோயிலுக்குப் போவது போல. அதை நடத்துகிறவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் டை. நான் கொண்டுபோன பிளாப்பியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, வெளிப் பிளாப்பியில் வைரஸ் வரும் என்று சொல்லி அவன் கடைப் பிளாப்பியையே வாங்கவைத்தான். சரி, தொலையட்டும் என்று வாங்கினேன். உங்கள் பக்கம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வர அரைமணி நேரம் ஆயிற்று. முதல் படத்தில் குழந்தையின் கை அசைந்தது, தமயந்தி. நான் எழுந்து நின்றுவிட்டேன். அதை அப்படியே எடுத்துக் கொடுங்கள் என்றேன். அதற்கு அவன், "ஏனுங்கம்மா, ஆடுற படமெல்லாம் நெட்டுக்குள்ள மட்டுந்தானுங்க ஆடும், வெளிய எடுத்தா ஆடாதுங்க, வேணும்னா கலர்ல பிரிண்ட் போட்டுத் தாரேன்" என்றான். எவ்வளவு மரியாதையாகப் பொய் சொல்லுகிறான் பார். எனக்கு அப்போது அது பொய் என்று தெரியாது. அவனே எட்டையும் ஏதோ வேறு தினுசுப் படமாக மாற்றிப் பிளாப்பியில் போட்டு, பிரிண்டும் எடுத்துத் தலையில் கட்டி அனுப்பிவைத்தான்.

வீட்டுக்கு வந்து எட்டுத் தாளையும் கட்டிலில் பரப்பிவைத்துப் பார்த்தால், நீ "அம்மா" என்று பேர் போட்ட படமும் பாட்டிக்கு "அம்மிச்சி" என்று பேர் போட்ட படமும் ஒன்றேதான். இரண்டிலும் குழந்தை கையை விரித்துக் கட்டை விரலை முகவாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அப்பாவும், தாத்தாவுக்குப் போட்ட அப்புச்சியும் அதே போலத்தான், இரண்டுக்கும் நெற்றியில் கட்டை விரல். பட்டறையில் போட்டுப் பார்த்தாலும் அப்படியே, சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி அசையாமல் நிற்கிறது. மறுநாளே திரும்பப் போய் இரண்டு தாளையும் அவன் முன்னால் போட்டு, அம்மாவும் அம்மிச்சியும் ஒன்றா என்று கேட்டேன். "கைதானுங்களே, எல்லாம் ஒரே மாதிரித்தானுங்க இருக்கும்" என்கிறான். வாயில்லாத பிள்ளைக்கு அந்தக் கைதானடா வாய், நீ இப்போது பேசினாயே, உன் வாயை அப்படியே பிடித்து நிறுத்திப் பிரிண்ட் போட்டால் என்ன சொன்னாய் என்று யாருக்காவது தெரியுமா என்று சத்தம் போட்டுவிட்டேன். ஏ.சி. அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அங்கேதான் பக்ருன்னிசா என்று ஒருத்தியைப் பார்த்தேன். உக்கடத்துக்காரி, நாற்பது வயதிருக்கும், அரபு நாட்டில் தமாமில் இருக்கிற வீட்டுக்காரருக்கு வாரம் ஒரு நாள் மெயில் அடிக்க வருகிறவள். பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, "அக்கா, நீங்க உக்காருங்க, இவரு ஆவாதுன்னு சொல்றதெல்லாம் ஆவுங்க, போன பெருநாளைக்கு எங்க ஊட்டுக்காரரு அனுப்புன விளக்குப் படத்த நானே எடுத்துருக்கேன், இன்னும் எங்க ஊட்ல எரிஞ்சுட்டுத்தான் இருக்குது" என்றாள். படம் முழுசாக இறங்குகிற வரைக்கும் பொறுத்திருக்க வேண்டுமாம். அப்புறம் அதன் மேலேயே மவுஸை வைத்து வலது பக்கப் பொத்தானை அமுக்கினால் ஒரு பட்டியல் விழுகிறது, அதில் படத்தைச் சேமிக்கச் சொல்லும் வரியைத் தொட வேண்டும், பேருக்குப் பின்னால் ஜி.ஐ.எஃப். என்று இருந்தால் அதை மாற்றாமல் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். எட்டுப் படத்துக்கும் நானே அமுக்கினேன். ஏழாவதில் கரண்ட் போய், திரும்ப முதலிலிருந்து பக்கத்தை இறக்கி எடுத்தோம். அந்த டைக்காரன் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, இதைத் தெரிந்துகொள்வதற்கு அவனுக்கு ஆர்வமே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

இத்தோடு முடிந்ததா? பட்டறைக்குக் கொண்டுவந்து உங்கப்பா தட்டினால், வரைகிற புரோகிராமில் போய்த் திறந்துகொண்டு மறுபடியும் அசையாமல் நிற்கிறது. உங்கப்பா, "ஏ அம்மணி, ரெண்டு தடவ பஸ்ஸேறி வெயில்ல அலஞ்சு உனக்கென்ன பைத்தியமா, விட்டுத்தொலை" என்று வைண்டிங் மெஷினுக்குப் போய்விட்டார். அன்றைக்கென்று பழனியாத்தாள் அத்தை வேறு வந்திருந்தாள். அத்தையின் வாய் உனக்குத் தெரியுமே. "பேசாத புள்ளைக்குக் கைய ஆட்டிக் காட்டறத நீங்களும் படிச்சு ஊருக்கே தண்டோராப் போடோணுமாக்கும், மருதமலைக்கு வேண்டிக்கிட்டா பேச்சு தானா வந்துரும்" என்றாள். குழந்தைக்குப் பேச்சு இல்லாமல் இல்லை, அதைக் கேட்கத்தான் நமக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். உங்கப்பாவின் கூடப்பிறந்தவள் என்று இருபத்தொன்பது வருஷம் பொறுத்த என் வாய், அன்றைக்குப் பொறுக்கவில்லை. கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே போய்விட்டாள்.

பக்ருன்னிசா தன் பக்கத்து வீட்டு போன் நம்பர் கொடுத்திருந்தாள். கூப்பிட்டுச் சொன்னதும், "வரையறதுல தொறக்காதீங்க அக்கா, நெட் பாக்கறதுக்கு நீலத்துல ஒரு இங்கிலீஷ் ஈ எழுத்து இருக்குமே, அதுக்குள்ள தொறங்க, நெட்டு இல்லாட்டியும் ஓடும்" என்றாள். ஓடியது, கண்ணு. முகவாயில் இருந்த கை அங்கிருந்து எழும்பி முன்னால் இரண்டு தாவு தாவியது. தாவாமல் நின்றால் அம்மா, தாவினால் அம்மிச்சி. அந்தத் தாவல்தான் நான். அதைத்தான் அந்த டைக்காரன் வெட்டி எறிந்துவிட்டுக் கலரில் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

ஐந்தாவதாக "வலி" என்று ஒரு படம் போட்டிருக்கிறாய். இரண்டு ஆட்காட்டி விரலையும் நேருக்கு நேர் நீட்டி வைத்திருந்தாள். தாளில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திரையில் அந்த விரல்கள் ஒன்றை நோக்கி ஒன்று குத்திக் குத்தி வந்ததும், இது முன்னமே பார்த்த கை என்று தெரிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் வந்திருந்தபோது, நீ குளிக்கப் போயிருந்த நேரத்தில் ரித்திகா என் முந்தானையைப் பிடித்து இழுத்து இதையேதான் செய்தாள். நான் ஏதோ விளையாட்டு என்று நினைத்து என் விரலையும் அதே மாதிரி நீட்டி இடித்துச் சிரித்தேன். அவள் அழ அழப் பாலைக் காய்ச்சிக் கொடுத்தேன், தட்டிவிட்டாள், பிடிவாதம் என்று அதட்டினேன். நீ குளித்துவிட்டு வந்து கவுனைக் கழற்றினால் முதுகு முழுக்கச் செவ்வெறும்பு கடித்துத் தடித்துக் கிடந்தது. குழந்தை தெளிவாகச் சொல்லியிருக்கிறாள், தமயந்தி. மூன்று வயதில், தன் பாஷையில், நேராக என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். பட்டறையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். உங்கப்பா கை துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் படம் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது தினமும் சாயங்காலம் பட்டறை அடைக்கிறதற்கு முன்னால் அரைமணி நேரம் இரண்டு பேரும் பழகுகிறோம். உங்கப்பாவுக்குத் தண்ணீரும் அப்புச்சியும் நன்றாக வருகிறது, போதும் என்பதில் விரல் தடுமாறுகிறது. நேற்று பழனியாத்தாள் அத்தை தானாகவே வந்து, நின்று எட்டையும் பார்த்துவிட்டு, "எனக்கொரு கையசப்பு இல்லியாக்கும்" என்று கேட்டாள். அவளுக்கும் ஒன்று எடுத்துப் போடு, இல்லையென்றால் அதற்கும் ஒரு வருஷம் பேசமாட்டாள்.

இனி உன் மேல் இருக்கிற கோபத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு போனில் நான் இந்த அலைச்சலைச் சொல்ல ஆரம்பித்ததும், எதுக்கம்மா இவ்வளவு சிரமம், நான்தான் கூடவே இருப்பேனே, அவ சொல்றத நான் சொல்றேன் என்றாய். நீ நல்ல எண்ணத்தில் சொன்னாய் என்று தெரியும். ஆனால் அன்றைக்கு எறும்பு கடித்த பத்து நிமிஷம் நீ கூட இல்லையே. நீ சொல்லி நான் தெரிந்துகொண்டால் நான் உன் அம்மாவாகத்தான் இருப்பேன், அவளுக்கு அம்மிச்சி ஆகமாட்டேன். எட்டு வார்த்தை போதாது. பசிக்கு இருக்கிறது, பயத்துக்கு இல்லை. கதை சொல்லு என்பதற்கு இல்லை. கோபத்துக்கு இல்லை, என் பேத்திக்கு அது இல்லாமல் இருக்குமா? இன்னும் ஒரு இருபது வார்த்தையாவது எடுத்துப் போடச் சொல்லு மாப்பிள்ளையிடம், படத்தைச் சின்னதாகப் போட்டால் சீக்கிரம் இறங்கும் என்று பக்ருன்னிசா சொன்னாள், அதையும் சொல்லு. எடுக்கிற வித்தையை நீ எழுத வேண்டாம், எங்களுக்கே தெரியும்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். மாப்பிள்ளையை இரவில் காபி குடிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லு. மூன்று பேரும் தீர்க்காயுசாக, ஒருவர் சொல்வது ஒருவருக்குப் புரிய, நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. டிசம்பரில் பீளமேட்டில் விமானம் இறங்கி வெளியே வரும்போது நீ பெட்டிகளைப் பார்த்துக்கொள், குறுக்கே வராதே. குழந்தையிடம் முதலில் பேசப்போவது நான்தான்.

அன்புடன் ஆசீர்வதிக்கும்,
உன் அம்மா
ஆ. ராமாமணி