பித்தளைத் தோழிக்கு ஒரு காரணம்

என் பேச்சிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நீ டயாலிசிஸுக்குக் கொண்டுபோகும் பச்சைப் பையைத் துவைத்தேன். நீ போனதிலிருந்து இரண்டு மாதமாகக் கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு ஜோடி கம்பளிக் காலுறை, நொறுங்கிய பிஸ்கட், ஒரு துண்டுப் பென்சில். தண்ணீரில் முக்கியதும் கறுப்பாக அழுக்கு இறங்கியது. உன் அண்ணன் டீ டம்ளரோடு வந்து பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

தமிழ்ச் சங்க மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். தாராவியில் பிறந்து, ஐரோலியில் ஒரு ஸ்டூடியோவில் படம் வரைந்து, முப்பத்து மூன்று வயதில் போய்விட்ட பெண். நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்றார்கள். எழுதிப் பார்த்தேன். நீ கூட இருந்திருந்தால் படித்துவிட்டுச் சிரித்திருப்பாய். அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் வேண்டுமானால் கேட்டுக்கொள்ளட்டும்.

உன் "காந்தள் மில்" முடிகிற நிலையில் இருக்கிறது. ஒரே ஒரு வசனப் பெட்டிதான் காலி.

அந்தக் கேம் எப்படி ஆரம்பித்தது என்று உன் ஸ்டூடியோக்காரர்கள் கேட்டால் ஏதேதோ சொல்லுவாய். எனக்குத் தெரியும். மாதுங்காவில் வளர்ந்து, அஞ்சல் வழியில் தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த நான் உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு தாராவி வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பத்து வயது. வீட்டுக்குள் மேலே அடித்திருந்த பலகை மாடியில் உன்னோடுதான் உட்கார்ந்து படிப்பேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் பழைய அகப்பாடல்களைக் கதையாகச் சொன்னேன். அந்தப் பாடல்களில் யாருக்கும் பெயர் கிடையாது. தலைவி, தலைவன், தோழி, செவிலி, பாணன், அவ்வளவுதான். "பேரு இல்லாட்டி எப்படி மதினி கூப்பிடுவாங்க?" என்று கேட்டாய்.

வளர்ந்தபிறகு அவர்களையெல்லாம் நீராவிக் காலத்துப் பம்பாய்க்குக் கூட்டிக்கொண்டு வந்தாய். மின்சாரமே வராத பம்பாய். மில் புகைபோக்கிகளின் உச்சி குறிஞ்சி. கோலிவாடா மீனவர் கரை நெய்தல். கரிக் கிடங்கு பாலை. தலைவன் ஆகாயக் கப்பலில் கரி தள்ளுகிறவன். பாணன் முதுகில் கிராமபோனைச் சுமந்துகொண்டு அலைகிறவன். செவிலி சாவிக்கொத்தோடு அதட்டுகிறவள். தோழி மட்டும் மனுஷி இல்லை, பித்தளைப் பெண். நெஞ்சில் சின்னதாக ஒரு கதவு. அதைத் திறந்து கரி போட்டால் பேசுவாள். தணல் அணைந்தால் பாதி வார்த்தையில் நின்றுவிடுவாள். உன் உடம்பில் மாட்டியிருந்த டியூப்களையெல்லாம் பார்த்துப் பார்த்து அவளுக்கு வரைந்தாய்.

"இது என்னடீ விளையாட்டு, ஓடவும் இல்லை, சுடவும் இல்லை?" என்று நான் கேட்டதற்கு, "படக்கதை மதினி. கீழ பெட்டியில வசனம் வரும். நடுவுல ரெண்டு பட்டன் வரும். எதைத் தொடுதீங்களோ கதை அந்தப் பக்கம் போகும். புடிச்சவங்களைக் காதலிக்கலாம்" என்றாய். தலைவனை, பாணனை, யாரை வேண்டுமானாலும். தோழியை மட்டும் முடியாது. ஏன் என்று கேட்டேன்.

"அவா தூது போறதுக்கு இருக்கா. அவளை யாரு பாக்கா?"

செம்பூர் டயாலிசிஸ் சென்டரில், வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். எனக்கு ரத்தம் சேரவில்லை, உன் அண்ணனுக்குச் சுகர். கிட்னி கொடுக்க ஆளில்லாத வீடு நம்முடையது. இடது கையில் ஊசி, வலது கையில் பென்சில். நீ தலைவியாகப் பேசுவாய், நான் தோழியாகப் பதில் சொல்ல வேண்டும். போனில் பதிவாகும். அதைக் கேட்டு வீட்டில் நான் வசனமாக எழுதுவேன், நீ திருத்துவாய். அதுதான் நம் வேலை முறை. பக்கத்துக் கட்டில் மாமா நர்ஸைக் கூப்பிட்டு, "நாடக் ஷுரு ஹோ கயா!" என்பார், நாடகம் ஆரம்பமாகிவிட்டதென்று. நீ அவருக்குக் கும்பிடு போடுவாய். உனக்கு அப்போது எவ்வளவு நல்ல முகம்!

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. தலைவி விடியற்காலையில் ஆகாயக் கப்பலேறித் தலைவனோடு போகப் போகிறாள். தோழிக்கு மட்டும் தெரியும். தோழி போய்ச் செவிலியிடம் சொல்லிவிடுகிறாள். கப்பல் காலியாகப் போய்விடுகிறது. "எதுக்குக் காட்டிக் குடுத்தா? காரணத்தை நீங்க எழுதுங்க மதினி" என்றாய்.

தலைவிக்கு ஆபத்து வருமே என்று பயந்தாள், என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

"என்ன மதினி, சீரியலுக்கா எழுதுதீங்க? அவன் ஒழுங்கானவன்னு மூணு சீனுக்கு முன்னாடி தோழியே சொல்லுதாளே."

குடும்ப மானம், ஊர்ப் பேச்சு என்று அடுத்த தடவை எழுதினேன். நீ மெஷினைப் பார்த்துச் சிரித்தாய். "பித்தளைக்கு என்ன மதினி ஊரு? என்ன சாதி? அவளுக்கு மாமியாரா, மச்சானா? போற போக்குல சொல்லுதீங்களே."

மூன்றாவதாக, செவிலி மிரட்டிக் கேட்டாள், வேறு வழியில்லாமல் சொன்னாள் என்று எழுதினேன்.

"மிரட்டலையே. செவிலி கேக்கவே இல்ல. மீன் ஆஞ்சுக்கிட்டு இருக்கா. இவாளா போயி சொல்லுதா."

கேட்கவே இல்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கு, உன் அம்மாவுக்கு.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. குர்லாவில் லேத் பட்டறை வைத்திருந்த சந்தோஷைப் பதிவுக் கல்யாணம் செய்துகொள்ளப் பாந்த்ராவுக்குப் போக இருந்தாய். வீட்டில் எனக்கு மட்டும் சொல்லியிருந்தாய். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பதினோரு மணிக்கு அத்தை கேட்டால், "பேச்சி இன்டர்வியூவுக்குப் போயிருக்கா" என்று சொல்ல வேண்டும். நீ மோரியில் குளித்துக்கொண்டிருந்தாய். அத்தை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஈரத் தலையோடு வெளியே வந்தபோது கதவு பூட்டியிருந்தது. உன் போன் அத்தையின் மடியில் இருந்தது.

சந்தோஷ் ஆபீஸ் மூடும்வரை வாசலில் நின்றானாம். உன்னைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்து நீ திரும்பி வந்தபோது அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. தாதர் ஸ்டேஷனுக்கு உன்னைக் கூட்டிவர நான்தான் வந்தேன். டாக்ஸியில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அம்மாட்ட யாரு மதினி சொன்னது?" என்று கேட்டாய்.

"தெரியலையேடீ" என்றேன்.

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். வீடு வரும்வரை விடவில்லை.

அன்று டயாலிசிஸ் கட்டிலில் நீ பென்சிலை நிறுத்தவே இல்லை. "அம்மா சாவுறதுக்கு முன்னாடி சொல்லிட்டா மதினி. நாலு வருசம் ஆச்சு."

"நாலு வருஷமா ஏன் கேக்கலை?"

"கேட்டா பொய் சொல்லுவீங்க. எழுதச் சொன்னா திருத்தித் திருத்தி எழுதுவீங்க. எனக்கு வேற வழி தெரியல." பிறகு, "காலி-பீலி, சும்மா சும்மா அழாதீங்க, மாமா பாக்காரு. வெள்ளிக்கிழமைக்குப் புதுசா எழுதிக்கிட்டு வாங்க" என்றாய்.

எனக்கு இன்னும் புரியவில்லை. அந்த நாலு வருடமும் உனக்குத் தலை வாரிவிட்டேன். காய்ச்சலில் நீ வாந்தி எடுத்தால் கை நீட்டிப் பிடித்தேன். "மதினி கைப் பக்குவம் யாருக்கும் வராது" என்று சாப்பிட்டாய். அப்போதெல்லாம் என் முகத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்? என்னை வெறுத்தாயா? வெறுத்துக்கொண்டேதான் என் கையால் வாங்கிச் சாப்பிட்டாயா? ஒருவேளை வெறுப்புக்கூட இல்லையோ? ஒரு காட்சிக்கு வேண்டியவள் என்று மட்டும் வைத்திருந்தாயோ?

தோழியை ஏன் பித்தளையில் செய்தாய் என்பது மட்டும் அன்று புரிந்தது. ஊர், சாதி, மாமியார், பயம் என்று நான் ஒளிந்துகொள்ளும் இடத்தையெல்லாம் அவளிடமிருந்து முன்னாலேயே பிடுங்கி வைத்திருந்தாய்.

வெள்ளிக்கிழமை உண்மையான காரணத்தை எழுதிக்கொண்டுதான் வந்தேன். கைப்பையில் இருந்தது. உனக்கு அன்று பிரஷர் இறங்கியிருந்தது, குளிரில் நடுங்கினாய். இந்த நிலைமையில் எப்படிப் படிப்பது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. பையிலிருந்த தாளை எடுக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்: "தலைவிமேல் இருந்த அன்பினால் சொன்னாள்."

நீ சிரித்தாய். சிரித்ததில் கை அசைந்து மெஷின் அலாரம் அடித்தது. நர்ஸ் ஓடிவந்து திட்டினாள். "அன்பு! பிரமாதம் மதினி. அதையும் கிழிச்சுப் போடுங்க" என்றாய். கேமைப் பற்றி நீ என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அது. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாய்.

இப்போது அஸ்வினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டூடியோவில் உன் பக்கத்து நாற்காலிக்காரி. நீ விட்ட இடத்திலிருந்து அவள்தான் கேமை முடிக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஐரோலிக்கு வரச் சொன்னாள்.

தோழி தலைவியிடம் தன் காரணத்தைச் சொல்லி முடித்ததும் தணல் அணைகிறது. திரையில் இரண்டு பட்டன். ஒன்று "கரி போடு". இன்னொன்று "போய்விடு". இரண்டும் நீ வைத்தவை. "போய்விடு" என்பதைத் தொட்டால், தலைவி திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள், பின்னால் பித்தளைப் பெண் வாயைத் திறந்தபடி நிற்கிறாள். நீ வரைந்ததிலேயே அழகான படம் அது. "கரி போடு" என்பதைத் தொட்டால் ஒன்றுமே இல்லை. கறுப்புத் திரை.

"டெஸ்ட் பண்ணவங்க எல்லாம் முதல்ல அதைத்தான்க்கா தொடுறாங்க. தோழியை மன்னிக்கணும்னு நினைக்கிறாங்க. காலியா இருக்கே, பக்-ஆ, புரோகிராம்ல தப்பான்னு கேக்குறாங்க" என்றாள் அஸ்வினி. "பேச்சி தீதீ இருந்தா வரைஞ்சிருப்பாங்க, பக்கா. அவங்க கோடு எனக்கு அப்படியே வரும்க்கா. நீங்க சரின்னு சொல்லுங்க, ஒரே படம்தான்."

சரி என்றேன். யோசிக்காமல் சொன்னேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன்.

இரண்டு நாளில் அனுப்பினாள். தலைவி குனிந்து தோழியின் நெஞ்சுக் கதவைத் திறந்து கரி போடுகிறாள். பித்தளை முகத்தில் சிவப்பாக வெளிச்சம் ஏறுகிறது. அசல் உன் கோடு. உன் தலைவியின் அதே மூக்கு, அதே விரல். பேச்சி, நான் அதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதேன். ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றாகத் தூங்கினேன். சமைக்கும்போது மறுபடியும் கறிவேப்பிலை வாசனை தெரிந்தது. நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று நம்ப ஆரம்பித்துவிட்டேன். ஐரோலியில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் செய்து கொடுத்த மன்னிப்பு.

நேற்று அவளுக்குப் போன் போட்டு ஒன்று கேட்டேன். "போய்விடு" படத்தை நீ எப்போது முடித்தாய்? அவள் தேடிப் பார்த்து, ஹோலிக்கு முன்னாலேயே என்றாள். அதற்குப் பிறகு நீ நாலு மாதம் உயிரோடு இருந்தாய். அந்த நாலு மாதத்தில் என்னென்ன வரைந்தாய் என்று கேட்டேன். "பாணனோட செருப்பைத் திரும்பத் திரும்ப மூணு மாதிரி வரைஞ்சாங்கக்கா. சரியா வரலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றாள்.

உனக்கு நேரம் இருந்தது. செருப்பு வரைய நேரம் இருந்தது. பட்டனை வைத்துவிட்டு, அதற்கு மேல் நீ ஒரு கோடுகூடப் போடவில்லை. நான் உண்மையைக் கொண்டுவந்தால் வரையலாம் என்று காத்திருந்தாயா? இல்லை, கடைசிவரை காலியாகவே விடத்தான் நினைத்தாயா? நான் அந்தத் தாளைப் படித்திருந்தால், அந்த வெள்ளிக்கிழமை உன் பென்சில் எந்தப் பக்கம் போயிருக்கும்? இதைத் தெரிந்துகொள்ளும் வழியை நானே கைப்பைக்குள் வைத்து மூடிக்கொண்டேன்.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அஸ்வினிக்குத் தெரியாது. உன் அண்ணனுக்கும் தெரியாது. இந்தக் கடிதம் மலரில் அச்சாகி வரும்போது அவரும் மற்றவர்களோடு சேர்ந்து படித்துக்கொள்வார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் என்ன நடக்குமோ, நடக்கட்டும்.

தோழியின் பெட்டியில் இதை எழுதித் தரப்போகிறேன்: "நீ போய்விட்டால் இந்த வீட்டில் என்னோடு பேச யாரும் இல்லை. அதனால் சொன்னேன்." என் புத்தகத் தமிழைக் கேலி செய்யாத ஒரே ஆள் நீ. நீ வேறு வீட்டில் சந்தோஷமாக இருப்பதைவிட, என் பக்கத்தில் அழுதுகொண்டிருப்பது எனக்குப் போதுமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதில் திருத்த ஒன்றும் இல்லை.

அஸ்வினியின் படத்தை வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். அவள் எவ்வளவு கெஞ்சினாலும், எத்தனை பேர் பக் என்று எழுதினாலும். "கரி போடு" என்ற பட்டன் நீ வைத்தபடியே இருக்கும். தொடுகிறவர்களுக்குக் கறுப்புத் திரைதான் வரும். உன் பெயரில் என்னை நானே மன்னித்துக்கொள்ள மாட்டேன். இது சத்தியம்.

உன்னைப் போகவிடாத,
உன் மதினி