மூன்றாம் மாடிக்குச் சூடு ஏறியது

அன்பு மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுவது. நானும் உன் வீட்டுக்காரனும் நலம். அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இதென்ன, அத்தை நமக்குக் கடிதம் எழுதுகிறாளே என்று முழிக்காதே. போனில் எனக்குக் கோவையாகச் சொல்ல வராது. உன் கணவனைச் சொல்ல விட்டால் பாதியை முழுங்கிவிடுவான்.

இந்த முறை குளிர் பத்து நாள் முந்திவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் கீழே, கட்டடம் முழுக்க வெந்நீர் அனுப்பும் பாய்லரை மூட்டினார்கள். அது நன்றாக எரிகிறது, ஆனால் அறையைச் சூடாக்க வேண்டிய ரேடியேட்டர் ஒரு வீட்டிலும் சுடவில்லை. மூன்றாம் மாடி டீச்சருக்கு இரட்டைக் குழந்தை பிறந்து இருபது நாள்தான் ஆகிறது. குறைமாதக் குழந்தைகள். போர்வைக்கு மேல் போர்வை சுற்றியும் சின்னதற்குக் கால் சில்லிட்டுக் கிடந்தது. "நான் இதுங்கள எங்க தூக்கிட்டுப் போவேன்?" என்று டீச்சர் அழுதாள். கட்டடச் செயலாளரோ, பாய்லர் போய்விட்டது, புதிது வர ஒரு வாரம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார்.

உனக்குப் போன் அடித்தோம். ஆஸ்பத்திரி வேலையில் இருந்தாய் போல, எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே, உன் அலமாரியைத் திறந்துவிட்டேன். நீ பம்பு வேலைக்குக் குறிப்பெழுதிய நீல அட்டை நோட்டு இருந்தது. ஒரே மூச்சில் படித்தேன்.

பம்பு என்றால் தண்ணீரை மேலே தூக்குவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாய்லரோடு இருக்கும் இந்தப் பம்பு தூக்குவதில்லை, வெந்நீரைச் சுற்றவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். குழாய் ஒரு மூடிய வட்டம். ஒரு பக்கம் ஏறுகிற தண்ணீரின் எடையை மறுபக்கம் இறங்குகிற தண்ணீர் தாங்கிக்கொள்ளும். குழாயின் உராய்வை மட்டும் பம்பு வென்றால் போதும். அதனால்தான் தேங்காய் அளவுப் பம்பு மூன்று மாடியையும் பார்த்துக்கொள்கிறதாம்! ஆஸ்பத்திரியில் நீ மாட்டுவதும் இதே ஜாதிதானாம். வெந்நீர் குழாயில் நின்று ஆறிப்போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், டேப்பைத் திருகியதும் சுடச்சுட வரும். நீ அங்கே என்ன செய்கிறாய் என்று எட்டு மாதம் கழித்து இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கடைசிப் பக்கத்தில் இருந்தது விஷயம். கோடை முழுக்க ஓடாமல் கிடந்தால் தண்டு இறுகிவிடும், மோட்டார் முனகும், சுற்றாது. அடடா, தையல் மெஷின் சமாச்சாரம்தானே இது! மூடிக் கிடந்த மெஷினை முப்பது வருஷமாகக் கையால் சக்கரத்தைச் சுற்றித்தானே கிளப்புகிறேன்?

கீழே ஓடினேன். பம்புக்கு இந்தப் பக்கம் குழாய் சுட்டது, அந்தப் பக்கம் ஜில்லென்றிருந்தது. காதை வைத்தால் முனகல். செயலாளர், "இது ஊசி நூல் இல்லம்மா, தள்ளுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "பைப்பு பிடிக்கவா இவ்வளவு படிச்சே?" என்று உன்னிடம் நான் கேட்டதும் இதே தொனியில்தானே?

நீ எழுதியபடியே மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, நடுத்திருகைக் கழற்றினேன். கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் வடிந்தது. தண்டின் பள்ளத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பினால் அசையவே இல்லை. டார்ச் பிடித்த உன் கணவனுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. இடமும் வலமுமாக மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தேன். சட்டென்று வழுக்கிக்கொண்டு சுற்றியது! திருகைப் பூட்டி சுவிட்சைப் போட்டால் முனகல் போய் மெல்லிய ரீங்காரம். குழாய் என் கைக்குள்ளேயே சூடானது. அம்மாடி! முட்டிவலியெல்லாம் எங்கே போனதோ, மாடி மாடியாகக் குழாயைத் தொட்டுத் தொட்டு ஓடினேன். டீச்சர் வீட்டில் மட்டும் ரேடியேட்டரின் மேல்பாதி சுடவில்லை. காற்று அடைத்திருக்கும் என்று உன் நோட்டு சொன்னது. சின்ன வால்வைத் திறந்தேன். உஸ்ஸென்று சீறி, தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடினேன். அரை மணியில் சின்னது போர்வையை உதைத்துத் தள்ளியது!

செயலாளர் எல்லோரிடமும், "இவங்க மருமக பெரிய இன்ஜினியர்" என்று அளந்துகொண்டிருந்தார். "இன்ஜினியர் இல்ல, பம்பு மெக்கானிக்" என்று திருத்தினேன். அந்த வார்த்தையை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

நீ அந்த வேலைக்குக் கிளம்பிய அன்று நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. போன லீவுக்கு நீ உன் அம்மா வீட்டோடு திரும்பிவிட்டாய். குறையாகச் சொல்லவில்லை, கண்ணு. மாதக் கடைசியில் மறுபடி லீவு என்று கேள்விப்பட்டேன். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். எந்த ரயில் என்று எழுது. அவனுக்கு வேண்டாம், எனக்கே எழுது.

நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அத்தை