பளபளத்த செப்புத் தட்டு

மார்ச் 4
சுரங்க ஆய்வகத்திலிருந்து ஏறி வரும்போதே அவர் முகத்தில் களை. எட்டு வருடமாக நாங்கள் தேடும் அணுச் சிதைவு தெரியவேண்டிய இடத்தில், வரைபடத்தில் சின்னதாக ஒரு மேடு எழும்பியிருக்கிறதாம். கணக்குப் பார்ப்பது அவர். கருவியைச் சுத்தமாக வைத்திருப்பது நான். தூசி, வியர்வை, ஒரு திருகாணி போதும், அதிலிருந்து கதிர் கசிந்து பொய் சொல்லும். மாமியார் தொலைபேசியில், "புருஷனும் பொண்டாட்டியும் அப்படி எதைத்தான் தொலைச்சீங்க?" என்று கேட்க, அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மார்ச் 11
உண்மையான சிதைவு என்றால் கருவியின் எல்லாப் படிகங்களிலும் ஒரே மாதிரி வர வேண்டும். மேடு முழுக்க அடி வரிசையில்தான் இருக்கிறது. சொல்லவா?

மார்ச் 12
சொல்லவில்லை.

மார்ச் 15
அடி வரிசையைத் தாங்கும் செப்புத் தட்டைப் போன கோடையில் தேய்த்தது நான்தான். அமிலத்தில் கழுவினாலே போதும். எனக்குப் போதவில்லை, முகம் தெரிய வேண்டுமென்று பாலிஷ் பொடி வேறு. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நானே அழுக்கை ஏற்றிவிட்டேனா? மிச்சப் பொடியில் கதிர் இருக்கிறதா என்று அளவீட்டுக்கு வைத்திருக்கிறேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஏப்ரல் 2
பொடியில் தோரியம். கதிர் கசிந்தது அதிலிருந்துதான்.
அவர் அறிவிப்புக் கட்டுரை எழுதத் தொடங்கியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். மூன்று வாரமாகச் சந்தேகம் என்றேன்.
"மேடு போனா போகுது. மூணு வாரம் நான் பைத்தியக்காரன் மாதிரி சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன். நீ பாத்துக்கிட்டே இருந்திருக்கே."
அந்தச் சந்தோஷத்தப் பாத்துதானே வாயத் திறக்க முடியல — இத எப்படிச் சொல்றது அவர்கிட்ட?

ஏப்ரல் 20
கருவியைத் திறந்து தட்டை மாற்றினோம். வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறார். வீட்டிலும் அப்படித்தான்.

செப்டம்பர் 9
மேடு போய்விட்டது. துடைத்து வைத்தாற்போல் அந்த இடம் காலி. கருவி சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் தொழிலில் இதற்குத்தான் கைகொடுப்பார்கள், கொடுத்தார்கள். அவர் கொடுக்கவில்லை.

நவம்பர் 3
காலையில் என் அறைக்கு வந்தார். இங்கே வந்து மாதக் கணக்காகிறது. திரையைத் திருப்பிக் காட்டினார்: காலியான அந்த இடத்தில் ஒரே ஒரு புள்ளி.
"இன்னும் யார்கிட்டயும் சொல்லலை. முதல்ல நீ சந்தேகப்படு," என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆனா வாய்விட்டுச் சந்தேகப்படு," என்றார்.