புளி போட்டுத் துலக்கிய தோட்டாக்கூடுகள்

என் பிரியமான நைனாவுக்கு,

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மலையை விட்டு இறங்கிவிட்டது. இன்னும் ஊர் முழுக்க மொட்டைத் தலைகள்தான். அரக்கோணம் ரயிலில் இன்று நிற்கக்கூட இடமில்லை. நீ இருந்திருந்தால் பைக்கில் கொண்டுபோய் விட்டிருப்பாய், வழியெல்லாம் திட்டிக்கொண்டே.

விசாரணை முடிந்துவிட்டது நைனா. நீ கையால் கட்டிய தோட்டாவில் வெடிமருந்து அதிகம், அதனால்தான் துப்பாக்கியே வெடித்து உன் உயிர் போனது என்று முடித்துவிட்டார்கள். பட்டாளத்தில் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்தே தலை நரைத்த ஆள் நீ. ஓய்வு பெற்று வந்ததும் தோட்டா கட்டவும் சுட்டுப் பார்க்கவும் உன்னைத்தான் கூப்பிட்டது ரைபிள் கிளப். அதே ஆட்கள் இப்போது, "பெரியவருக்கு வயசாயிடுச்சு, கை தவறிடுச்சு" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை, கிளப்பில் சுட்டு முடித்த தோட்டாக்கூடுகளை டிபன் பையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தாயே. பித்தளைக் கூட்டின் வாயிலிருந்து பாதி உடம்பு வரை கருப்பாகப் புகை படிந்திருந்தது. அதன் ஓரத்தில் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. நான் இட்லித் தட்டோடு நின்றிருந்தேன்.

"மருந்து அதிகமா இருந்தா கூடு உப்பிக் குழாயை அடைச்சிக்கும். புகை பின்னால வராது. இங்க வந்துகினு இருக்குது பாரு. துப்பாக்கிதான் தேஞ்சு போச்சு" என்றாய்.

"அப்ப இதையே எடுத்துகினு போய்க் காட்டு நைனா."

"நம்ப மாட்டாங்கம்மா. கிளப் செக்ரட்டரி கண்ணு முன்னால ஒண்ணு சுட்டுக் காட்டுறேன்."

அந்த ஒன்றுதான். தேய்ந்த துப்பாக்கி என்று தெரிந்தும் அதைத் தோளில் வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

வெடித்த கூடு சிதறிவிட்டது. உடைந்த துப்பாக்கியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம். ஜன்னலில் கிடந்த கூடுகளைப் பற்றி விசாரணை அதிகாரியிடம் சொன்னேன். காரியம் முடிந்ததும் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

காரியத்துக்கு முன்னால் வீட்டைக் கழுவிவிட்டு, பித்தளைச் சாமான்களை எல்லாம் தேய்ப்பார்கள் அல்லவா? அம்மா குத்துவிளக்கோடு உன் கூடுகளையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் துலக்கி, உன் படத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தியிருந்தாள். நான் பார்த்தபோது எல்லாம் தங்கம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தன.

அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லியேம்மா" என்றார்.

"ஆங், நான்தாங்க தேச்சேன். கருத்துகினு கிடந்துச்சு. அவரு தொட்ட பொருளாச்சே" என்றாள் அம்மா. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கிளப்காரர்கள் சொன்னதை அம்மாவும் நம்பிவிட்டாள் நைனா. தினமும் உன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுச் சண்டை போடுகிறாள். "இவ்ளோ வருசமா செஞ்ச வேல. கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதா அந்த மனுசன்?" அழுகையைவிட அந்தக் கோபம்தான் என்னை அறுக்கிறது.

நைனா தப்பு செய்யவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு துடிக்கிறது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பாள். கூட்டில் இருந்த புகைக் கறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கறை எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். அதில் வந்தாலும் அவள் படிக்க மாட்டாள். நகரிப் பக்கத்தில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழ் எழுத்து தெரியாது; உன் படம் போட்டிருந்தால் அதை மட்டும் பார்ப்பாள். படித்துக் காட்டச் சொன்னால் வேறு எதையாவது சொல்லிக்கொள்வேன்.

உன் பேரைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. இனி முடியும் என்றும் தோன்றவில்லை. ஒன்றே ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன்: அம்மா இருக்கும்வரை அந்தத் தப்பு உன்னுடையதாகவே இருக்கும். அவள் திட்டினால் வாங்கிக்கொள் நைனா.

உன் பேச்சைக் கேட்டும் சாட்சியாக முடியாமல் போன,
உன் மூத்த மகள்